கல்பாக்கத்தின் பாதிக் கப்பல்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு முறிந்து நின்ற இடம் எங்கள் ஊர். அச்சு இற்ற பாக்கம் அச்சிறுபாக்கமாகி, பேச்சில் தேய்ந்து அச்சரப்பாக்கம் ஆனது என்பார்கள். பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி. எல்லாம் இருந்தும், கிளம்பும் முன் பிள்ளையாரைக் கும்பிட மறந்தார்கள், அச்சு ஒடிந்தது. ஆட்சீஸ்வரர் கோயிலில் அந்தப் பிள்ளையாருக்கு அச்சுமுறி விநாயகர் என்று பெயர். சின்ன வயதில் பக்திக் கதையாகக் கேட்டது இது. கல்பாக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு, புறப்படும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லும் கதையாக எனக்குக் கேட்கிறது.

2009 ஜூலை 26. விசாகப்பட்டினத்தில் ஐஎன்எஸ் அரிஹந்த் நீரில் இறங்கிய நாள். அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கின் மனைவி குர்ஷரண் கவுர் கப்பலின் உடலில் தேங்காய் உடைத்தார். இந்தியாவிலேயே கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கி அது. டிவியில் அதைப் பார்த்த எத்தனை பேருக்கு, அந்தக் கப்பலுக்கான உலை முதலில் ஓடிப் பழகியது இன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் என்று தெரிந்திருக்கும்? ஒரு வாரம் கழித்து, அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த அனில் ககோட்கர் செய்தியாளர்களைக் கல்பாக்கத்துக்கு அழைத்து ஒரு கட்டடத்தைக் காட்டினார். அதுவரை ‘பிஆர்பி’ என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் மறைந்திருந்த இடம்.

உள்ளே இருந்தது பாதிக் கப்பல். அணு உலை, நீராவி உண்டாக்கும் கலன், டர்பைன் எல்லாம் நீர்மூழ்கியில் எந்த அளவில், எந்த நெருக்கத்தில் இருக்குமோ அப்படியே தரையில் அமைக்கப்பட்டிருந்தன. 2003 நவம்பரில் அந்த உலை முதன்முறையாகக் ‘கிரிட்டிக்கல்’ ஆனது, அதாவது பற்றிக்கொண்டது. 2006 செப்டம்பரில் முறையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. அரிஹந்தின் உலை 83 மெகாவாட் வெப்பத் திறன் கொண்டது என்பதே வெளியில் சொல்லப்படும் கணக்கு. செறிவூட்டிய யுரேனியம் மைசூருக்குப் பக்கத்தில் உள்ள ரத்னஹள்ளியிலிருந்து வந்தது. திட்டத்தைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவரான சேகர் பாசு பின்னாளில் அணுசக்தி ஆணையத் தலைவரானார். 2020 செப்டம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

அரிஹந்தில் வேலை பார்க்கப்போகும் கடற்படையினர் முதலில் இங்கேதான் கை பழகினார்கள். சிமுலேட்டரிலும் பழகினார்கள், நிஜ உலையிலும் பழகினார்கள். கப்பலின் உலை 2013 ஆகஸ்டில் உயிர்பெற்றபோது, அதே வகை உலை கல்பாக்கத்தில் பத்தாண்டுகளாக அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. 2016இல் கப்பல் படையில் சேர்ந்தது. 2018 நவம்பரில் அதன் முதல் ரோந்து முடிந்ததாகப் பிரதமர் அறிவித்தார். 2024 ஆகஸ்டில் தங்கைக் கப்பலான அரிகாட்டும் வந்து சேர்ந்தது.

அச்சரப்பாக்கத்திலிருந்து அந்தக் கட்டடம் நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ராணுவத்தில் சேர்ந்து அணுப் பொறியியல் படிக்க முடியுமா என்று ஒரு பிளஸ் டூ பிள்ளை கேட்டால், அமெரிக்காவையும் ரஷ்யாவையும் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். நாட்டின் கடற்படைக்கு அணு உலையைச் சொல்லிக்கொடுத்த வகுப்பறை பாலாற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஆதங்கம்தான்.

தரையில் ஓடிய கப்பல்கள்

பாதிக் கப்பலைத் தரையில் வைத்துப் பழகும் முறை அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஹைமன் ரிக்கோவர் போட்ட பாதை. கடலே இல்லாத ஐடஹோ பாலைவனத்தில் நீர்மூழ்கி உடலின் ஒரு துண்டைக் கட்டி, அதற்குள் உலையை வைத்தார். 1953 மார்ச் 30ஆம் தேதி அது கிரிட்டிக்கல் ஆனது. அந்தக் கோடையில், சோதனையை இருபத்து நான்கு மணி நேரத்தோடு நிறுத்தப் பார்த்தார்கள் பொறியாளர்கள். ரிக்கோவர் விடவில்லை. அட்லாண்டிக் கடலின் வரைபடத்தை விரித்து, உலை ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கப்பல் எங்கே போயிருக்கும் என்று குறிக்கச் சொன்னார். நடுவில் கருவிகள் சில தகராறு செய்தன, அப்போதும் நிறுத்தவில்லை. பாலைவனத்தில் அசையாமல் நின்ற எஃகு உருளை, காகிதத்தில் அயர்லாந்துக் கரையைத் தொட்டது. 1955 ஜனவரியில் நாட்டிலஸ் நிஜக் கடலில் அணுசக்தியால் நகர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ரிக்கோவர் தம் உலைக்கான ஒவ்வொரு அதிகாரியையும் தாமே நேர்காணல் செய்தார். வருபவர் உட்காரும் நாற்காலியின் முன்கால்களைச் சற்றே அறுத்து வைத்திருந்தார். உட்காருகிறவர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பார். வழுக்கும்போதும் நிதானமாகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்தார். இந்த முறை எனக்கு உவப்பானதில்லை. ஆனால் என்ன மாதிரி ஆளைத் தேடினார் என்பது புரிகிறது.

அப்படித் தேறியவர்களில் ஒருவர் ஜிம்மி கார்ட்டர், பின்னாளில் அமெரிக்க அதிபர். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவரில் என்ஆர்எக்ஸ் உலை சேதமடைந்தபோது, இருபத்தெட்டு வயது லெப்டினன்டாக இருந்த அவரும் குழுவினரும் அதைக் கழற்ற உதவப் போனார்கள். கதிர்வீச்சு கடுமை; ஒருவர் ஒன்றரை நிமிடம்தான் உள்ளே இருக்கலாம். அதனால் அருகில் இருந்த டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். எந்த போல்ட்டை யார் கழற்றுவது, எந்தப் பக்கம் திருப்புவது என்று அங்கே ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே ஒரு போல்ட் கழன்றால் வெளியே மாதிரியிலும் ஒரு போல்ட் கழற்றப்பட்டது, அடுத்துப் போகிறவர் தெரிந்துகொள்ள. அந்தக் கனடாவின் கனநீர் உலை மரபில் வந்தவைதான் கல்பாக்கத்தில் 1983இலும் 1985இலும் ஓடத் தொடங்கிய மாப்ஸ் (சென்னை அணுமின் நிலையம்) உலைகள் இரண்டும்.

இன்று அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திப் பள்ளி தென் கரோலினா மாநிலத்தின் கூஸ் கிரீக்கில் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு மாதம் வகுப்பு, அடுத்த ஆறு மாதம் நிஜ உலையில் வேலை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கணக்கு, வெப்பவியல், உலை இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் அந்த ஓராண்டுக்குள் முடிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடப்பது. இந்தப் பயிற்சியைக் கல்லூரிப் பாடமாகக் கணக்கில் எடுத்து, அணுப் பொறியியல் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்க வழி வைத்திருக்கிறது நியூஜெர்சியின் தாமஸ் எடிசன் பல்கலைக்கழகம். சீருடையைக் கழற்றிய மாலுமி கையில் அனுபவத்தோடு பட்டமும் இருக்கும். நம் மாலுமிகளுக்கும் இந்த வழி அகலமாகத் திறக்க வேண்டும்.

பிரிட்டன் செய்தது இன்னும் வியப்பு. லண்டன் கிரீனிச்சில், கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த பழம்பெரும் மாளிகைத் தொகுதியில் அரச கடற்படைக் கல்லூரி நடந்தது. அதற்குள்ளேயே 1962இல் ஜேசன் என்ற சிற்றுலையை வைத்தார்கள். திறன் பத்து கிலோவாட்தான். நீர்மூழ்கி அதிகாரிகள் உலை என்ற பொருளைத் தொட்டுப் படிக்க அது போதும். 1996 வரை ஓடியது. ஓவியக்கூரை போட்ட மண்டபமும் அணு உலையும் ஒரே வளாகத்தில் இருந்திருக்கின்றன.

இந்தியா முதலில் போன வழி மொழியைக் கடந்த வழி. எண்பதுகளில் நம் கடற்படையினர் சோவியத் நாட்டின் விளாதிவஸ்தோக்குக்குப் போய் ரஷ்ய மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே உலையையும் கற்றார்கள். 1988இல் அங்கிருந்து குத்தகைக்கு வந்த முதல் சக்ரா நீர்மூழ்கியை மூன்றாண்டு ஓட்டினார்கள்; அதற்கு முதலில் தலைமை ஏற்றவர் கேப்டன் ஆர்.என்.கணேஷ். அந்தக் கணேஷ்தான் பின்னர் வைஸ் அட்மிரலாக, நம் சொந்த நீர்மூழ்கித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். 2012இல் இரண்டாவது சக்ரா வந்தது. இரண்டு குத்தகைக்கும் நடுவில் கல்பாக்கத்தின் பாதிக் கப்பல் எழுந்து நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். அந்நிய மொழியில் படித்த வகுப்பு, ஒரு தலைமுறைக்குள் நம் மண்ணுக்கு வந்துவிட்டது.

ஆயிரத்தில் ஆறரை

அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? ரகசியத்துக்குள் போக வேண்டியதில்லை. உலகத்தில் எந்த உலைக்கும் முதல் பாடங்கள் ஒன்றுதான்.

யுரேனியம்-235இன் அணுக்கரு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான் வெளியே வரும். அதில் ஒன்று அடுத்த அணுவைப் பிளக்க, மற்றவை வேறெங்காவது உறிஞ்சப்பட்டால் உலை சீராக ஓடும். இதற்குப் பெயர்தான் கிரிட்டிக்கல். வெளியில் இருப்பவர்களுக்கு ஐசியூ வாசலில் கேட்கும் சொல்லைப் போல இருக்கும். உலைக்காரர்களுக்கு அது அடுப்பு பற்றிக்கொண்டது என்ற நல்ல சேதி.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. பிறந்த நியூட்ரான் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் தன் வேலையை முடித்துவிடும். எல்லா நியூட்ரானும் இப்படியே இருந்தால் எந்த மனிதக் கையும் எந்த மோட்டாரும் அதை அடக்க முடியாது. நம்மைக் காப்பாற்றுவது பிந்தி வரும் ஒரு சிறு கூட்டம். ஆயிரத்தில் ஏறத்தாழ ஆறரை நியூட்ரான்கள் பிளந்த துண்டுகளுக்குள்ளேயே தங்கியிருந்து, சராசரியாகப் பன்னிரண்டு பதின்மூன்று நொடி கழித்து வெளியே வருகின்றன. அவை வந்தால்தான் கணக்கு சரியாகும் என்ற நிலையிலேயே உலையை ஓட்டுகிறார்கள். அந்தச் சில நொடித் தாமதத்தில்தான் கட்டுப்பாட்டுக் கம்பியை இறக்கவும் ஏற்றவும் மனிதனுக்கு நேரம் கிடைக்கிறது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பழமொழி சொல்வோம். இந்தப் படையில் பிந்தி வருகிறவர்களால்தான் எல்லோரும் பிழைக்கிறார்கள். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இயற்கை வைத்த ஆயிரத்தில் ஆறரை இல்லாவிட்டால் அணு மின்சாரமே இல்லை. அணுகுண்டு மட்டும்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது பாடம், நிறுத்தினாலும் நிற்காத சூடு. விறகை இழுத்துப் போட்ட பிறகும் கங்கு பானையைக் கொதிக்க வைக்கும் அல்லவா? உலையை அணைத்த மறுகணமும் முழுத் திறனில் ஆறு சதவீதத்துக்கு மேல் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் போனாலும் அரைச் சதவீதம் மிச்சம் இருக்கும். 83 மெகாவாட்டில் ஆறு சதவீதம் என்றால் ஐந்து மெகாவாட்: இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் இரண்டாயிரத்து ஐந்நூறை ஓர் எஃகுக் குழாய்க்குள் அடைத்து ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும். கப்பல் சாய்ந்தாலும், மின்சாரம் போனாலும் ஓட வேண்டும்.

இந்தப் பாடத்துக்குக் கல்பாக்கமே தேர்வெழுதியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி மாப்ஸின் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தினார்கள். குளிர்விப்பு அறுபடாமல் தொடர்ந்தது. சில நாளில் உலை திரும்ப ஓடியது. அன்று டவுன்ஷிப்பிலும் சுற்றியிருந்த மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. கட்டுமானத்தில் இருந்த அதிவேக ஈனுலையின் பள்ளத்தைக் கடல் நிரப்பியது. ஆறு ஆண்டு கழித்து ஃபுகுஷிமாவிலும் உலைகள் உடனே நின்றன. அங்கே நின்ற பிறகு வந்த சூட்டை எடுக்க மின்சாரம் இல்லாமல் போனது. நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்காத ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பின் பாதி.

மிச்சப் பாதிக்கு ஒரு கல்லறைக் கதை இருக்கிறது. 1963 ஏப்ரல் 10. அமெரிக்க நீர்மூழ்கி திரெஷர், ஆழச் சோதனையின்போது 129 பேரோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. குழாய் இணைப்பு ஒன்று விட்டுக்கொடுத்து, நீர் பீய்ச்சி, மின்கருவிகள் கெட்டு, உலை தானாக நின்றிருக்கும் என்பது விசாரணையில் தேறிய சாத்தியம். உலை நின்றதும் நீராவி வால்வுகளை மூடு என்றது அன்றைய விதி. உலையைக் காப்பாற்ற எழுதிய விதி அது. ஆனால் மிச்சச் சூட்டில் இருந்த நீராவியைக் கொண்டு மேலே வரும் வழியையும் அது சேர்த்து மூடிவிட்டது. பிறகு விதியைத் திருத்தினார்கள். ஒவ்வொரு வெல்டிங்குக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் கையெழுத்து கேட்கும் முறை வந்தது. விதியை வரிக்கு வரி மனப்பாடம் செய்யவும் வேண்டும், அது எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். படைக் கல்லூரி ஒன்றில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது சுலபமில்லை. கட்டளைக்குப் பணியப் பழக்கிய இடத்திலேயே, மீட்டர் காட்டும் எண்ணைச் சந்தேகப்படவும் பழக்க வேண்டியிருக்கிறது.

இங்கிருந்து எப்படிப் போவது

இந்தியாவில் பிளஸ் டூ முடித்ததும் படைக் கல்லூரிக்குப் போய் அணுப் பொறியியல் என்ற பெயரிலேயே பி.டெக் சேர்வது என்ற வழி இல்லை. சுற்றுவழி உண்டு, அது நல்ல வழியும்கூட. கேரளத்தின் கண்ணூர் அருகே எழிமலையில் 2009இல் திறந்த இந்தியக் கடற்படை அகாதமி நான்காண்டு பி.டெக் தருகிறது; மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் அங்கே உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் சேர்த்து 70 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம், ஜேஇஇ மெயின் ரேங்க், பிறகு எஸ்எஸ்பி (படைத் தேர்வு வாரியம்) நேர்காணல். தேறினால் படிப்புச் செலவைக் கடற்படை பார்த்துக்கொள்ளும். யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாதமி) தேர்வு இன்னொரு வாசல். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2022 முதல் அதில் பெண்களும் சேர்கிறார்கள். அகாதமி முடித்த மெக்கானிக்கல்காரர்கள் லோனாவாலாவின் ஐஎன்எஸ் சிவாஜியில் இன்ஜினைக் கற்பார்கள். நீர்மூழ்கிக்கு விருப்பம் தெரிவிப்பவர்களுக்கு விசாகப்பட்டினத்தில் ஐஎன்எஸ் சாதவாகனா. அங்கே தேறி, கப்பலில் பழகி, மார்பில் டால்பின் சின்னம் குத்திக்கொண்ட பிறகுதான் அணு உலையின் கதவு கண்ணில் படும். தரைப்படைக்காரர்களுக்குப் புனேவின் ராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பது அணுவிலிருந்து தப்பும் கலையை, கதிர்வீச்சு பட்ட நிலத்தில் எப்படி இயங்குவது என்பதை.

சீருடை வேண்டாம் என்றால் வாசல் இன்னும் பக்கம். கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கி, 1985 டிசம்பரில் இந்திரா காந்தி பெயர் பெற்ற ஆராய்ச்சி மையம், 2006 முதல் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. பொறியியல் பட்டதாரிக்கு அங்கே ஓராண்டுப் படிப்பு, சம்பளம் மாதிரி உதவித்தொகையோடு. டிப்ளமோவும் ஐடிஐயும் முடித்தவர்களுக்கு ‘ஸ்டைபெண்டரி டிரெய்னி’ வழி; புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல். மதுராந்தகத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் அந்தச் சொல்லே கரைந்துவிடுகிறது.

மாலுமியாகப் போகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இன்று அவர்கள் அக்னிவீரர்களாக நான்காண்டுக்கு எடுக்கப்படுகிறார்கள். அதிகபட்சம் நாலில் ஒருவர்தான் தொடர முடியும். உலையில் கை பழகவே ஆண்டுகள் பிடிக்கும் வேலை இது. ஒரு வால்வின் சத்தத்தை வைத்தே அதன் உடம்பு சரியில்லை என்று சொல்லும் காது நான்காண்டில் வருவதில்லை. நீர்மூழ்கிப் பிரிவுக்காவது இந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உடம்புக்கு ஒன்றும் ஆகாதா? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் மார்பில் அணியும் பேட்ஜ், வாங்கிய அளவைக் கணக்கு வைக்கிறது. நம் நாட்டு விதிப்படி ஐந்தாண்டில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. விதி இருக்கிறது என்பதோடு அம்மாவின் கேள்வி முடிந்துவிடாது; அளவு ஒழுங்காக எடுக்கப்படுகிறதா, கேட்டால் காட்டுவார்களா என்பதும் அதற்குள் அடக்கம். கல்பாக்கத்தைச் சுற்றி வாழும் மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வியும் இதுதான். அந்தக் கேள்விக்கு மதிப்பான பதில் சொல்ல, இந்த மண்ணின் மொழி தெரிந்தவர்கள் கன்ட்ரோல் ரூமுக்குள்ளும் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் அணு உலையின் படம் இருக்கிறது. எரிபொருள், தணிப்பான், கட்டுப்பாட்டுத் தண்டு, குளிர்விப்பான் என்று அம்புக்குறி போட்டிருக்கும். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் வேகவேகமாக நடத்தி முடிக்கப்படும் பாடம். அச்சரப்பாக்கத்தில் எந்த வகுப்பில் அந்தப் பக்கம் திறக்கப்பட்டாலும், ஆசிரியர் ஒரு நிமிடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியே வடகிழக்கில் கையைக் காட்ட வேண்டும். இது அங்கே இருக்கிறது, பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம் என்று சொல்ல வேண்டும்.